டிரைவர் போட யாருடைய அனுமதி? பழைய சிஸ்டத்துக்கு உள்ள வழிகள், ஓர் ஒப்பீடு

கருங்கல் சந்தைக்குப் பக்கத்தில் என் மைனி, அதாவது அண்ணன் மனைவி, ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். கல்யாணக் கார்டு, கோயில் கொடை நோட்டீஸ், ஜெபக்கூட்ட நோட்டீஸ், ஆதார் கலர் பிரிண்ட் எல்லாம் அங்கே நடக்கும். கடையில் இருப்பது, அண்ணன் மஸ்கட்டுக்குப் போகும் முன் வாங்கி வைத்த விண்டோஸ் 7 சிஸ்டம். பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு புரோகிராமும் பழைய தமிழ் ஃபாண்டுகளும் அதில் பிசகில்லாமல் ஓடுவதால் யாரும் அதைத் தொடவில்லை. போன ஐப்பசி மழையில் இடி வெட்டி பிரிண்டர் போய்விட்டது. தெரிந்தவர் ஒருவர் தான் உபயோகித்த லேசர் பிரிண்டரைக் கொடுத்தார், சி.டி. இல்லை. பிரிண்டரைச் சிஸ்டத்தோடு பேச வைக்கும் புரோகிராமான டிரைவரை நெட்டிலிருந்து இறக்கி டபுள் கிளிக் செய்ததும் திரை மங்கி ஒரு பெட்டி வந்து நின்றது. பெட்டியில் அண்ணன் பெயர், அதற்குக் கீழே பாஸ்வேர்டு எழுத ஒரு வெற்றுக் கட்டம்.

"தம்பி, இது யாருக்க பாஸ்வேர்டக் கேக்குது? எனக்க கடை, கரண்டு பில்லும் நாந்தான் கெட்டுதேன்" என்றார் மைனி.

கேள்வி நியாயமானதுதான். கடை மைனியுடையது. ஆனால் சிஸ்டத்தைப் பொறுத்தவரை அட்மினிஸ்ட்ரேட்டர், அதாவது எல்லா உரிமையும் உள்ள அட்மின், அண்ணன். மைனி அவர் உருவாக்கிக் கொடுத்துவிட்டுப் போன ஒரு சாதாரண யூசர். இந்தப் பெட்டியைத் தாண்ட ஆளுக்கொரு வழி சொல்வார்கள். இந்தப் பெட்டியைக் காட்டும் யு.ஏ.சி.யை (யூசர் அக்கவுன்ட் கன்ட்ரோல்) அணைத்துவிடு என்பார் ஒருவர். எல்லா டிரைவரும் சேர்ந்து வரும் டிரைவர் பேக் போடு என்பார் இன்னொருவர். பேசாமல் ஃபார்மேட் அடி என்பார் மூன்றாமவர். எந்த வழியில் போனாலும் பெரும்பாலும் பிரிண்டரிலிருந்து பேப்பர் வெளியே வந்துவிடும். அதற்குப் பிறகு சிஸ்டம் எந்த நிலையில் இருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். நான் வழிகளை ஒப்பிடுவது அதை வைத்துத்தான்.

முதலில் பெட்டியை வாசியுங்கள்

வழி தேடும் முன் அந்தப் பெட்டி என்ன கேட்கிறது என்று ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். நிறையப் பேர் பெட்டி வந்ததுமே பதறி மூடிவிடுகிறார்கள். 'யெஸ்', 'நோ' என்று இரண்டு பொத்தான் மட்டும் இருந்தால் நீங்கள் ஏற்கெனவே அட்மின்தான். வேலையைத் தொடங்கட்டுமா என்று மட்டும் கேட்கிறது. பாஸ்வேர்டு கேட்டால் நீங்கள் அட்மின் இல்லை. பெட்டியே வராமல் 'ஆக்சஸ் இஸ் டினைட்' (அனுமதி மறுப்பு) என்று மட்டும் வந்தால் அனுமதி கேட்கும் கட்டமே தவறிப்போயிருக்கிறது என்று பொருள். டிஜிட்டல் சிக்னேச்சர் பற்றி ஏதாவது வந்தால் அது வேறு கதை, கீழே சொல்கிறேன்.

அட்மினாகவே லாகின் செய்திருக்கும்போது ஏன் மறுபடி கேட்கிறது என்று சிலருக்குக் கோபம் வரும். விண்டோஸ் எக்ஸ்.பி. காலத்தில் வீட்டுக் கணினிகளில் எல்லோரும் அட்மினாகத்தான் இருந்தோம். ஒரு பென்டிரைவ் வைரஸ் வந்தாலும் அதுவும் அட்மினாகவே ஓடியது. 2007-ல் கடைகளுக்கு வந்த அடுத்த விண்டோஸான விஸ்டாவில்தான் யு.ஏ.சி. வந்தது. அதற்குப் பிறகு அட்மின் லாகின் செய்தாலும் அவர் திறக்கும் புரோகிராம்கள் சாதாரண யூசரின் உரிமையோடுதான் ஓடும். முழு உரிமை வேண்டிய வேலைக்கு மட்டும் கேட்டு வாங்க வேண்டும். டிரைவர் என்பது சிஸ்டத்தின் அடிவயிற்றில் போய் உட்காரும் சமாச்சாரம். அதற்குக் கேட்காவிட்டால்தான் பயப்பட வேண்டும்.

யெஸ், நோ மட்டும் கேட்கிற சிஸ்டத்துக்கு ஒப்பீடே வேண்டாம். இன்ஸ்டால் கோப்பில் ரைட் கிளிக், 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்', முடிந்தது. பழைய இன்ஸ்டாலர்களில் சில, அனுமதி கேட்கவே தெரியாதவை. விஸ்டாவுக்கு முன் எழுதப்பட்டவை. அவை பாதி தூரம் ஓடி டினைட் என்று விழும். அவற்றையும் இப்படி ரைட் கிளிக் செய்து திறந்தால் பெரும்பாலும் ஒழுங்காகப் போய்விடும். இன்ஸ்டாலர் 'இந்த விண்டோஸ் சரிப்படாது' என்று சொன்னால் பிராப்பர்ட்டீஸில் கம்பாட்டிபிலிட்டி என்ற பக்கத்தில் பழைய விண்டோஸின் பெயரைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். அது இன்ஸ்டாலரைத்தான் ஏமாற்றும். 32-பிட் டிரைவரை 64-பிட் சிஸ்டத்தில் ஓட வைக்காது.

இரண்டு சின்ன விஷயங்கள் இங்கே பலரை மணிக்கணக்கில் சுற்ற வைக்கும். ஒன்று, நெட்டில் இறக்கிய கோப்பை விண்டோஸ் 'வெளியிலிருந்து வந்தது' என்று குறித்து வைத்திருக்கும். பிராப்பர்ட்டீஸில் கீழே 'அன்பிளாக்' இருந்தால் அதை அழுத்திவிட்டு, ஜிப் என்றால் அதற்குப் பிறகு விரிக்க வேண்டும். இன்னொன்று, இன்ஸ்டாலரை இன்னொரு சிஸ்டத்தின் ஷேர் ஃபோல்டரில், இசட் டிரைவ் என்று மேப் செய்த இடத்தில் வைத்துக்கொண்டு அட்மினாகத் திறப்பது. முழு உரிமையோடு ஓடும் புரோகிராமுக்கு அந்த மேப் செய்த டிரைவ் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். கோப்பை சி டிரைவுக்குள் காப்பி செய்துவிட்டுத் திறங்கள்.

பாஸ்வேர்டு கேட்கும் சிஸ்டத்தில்

மைனி வீட்டுக் கதை இதுதான். இங்கே நான்கு வழிகள் நிஜமாகவே போட்டியில் இருந்தன.

முதல் வழி, பாஸ்வேர்டு வைத்த ஆளையே கேட்பது. சொன்னால் சிரிப்பு வரும், ஆனால் பாதிப் பேர் இதைச் செய்வதில்லை. நம் ஊரில் சிஸ்டம் வாங்கி வைத்த ஆள் வளைகுடாவிலோ கப்பலிலோ இருப்பார். அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று, தெரிந்த பையனைக் கூப்பிட்டு 'எப்படியாவது' உடைக்கச் சொல்வார்கள். அண்ணனுக்கு வாட்ஸ்அப் போட்டேன். ஷிப்ட் முடிந்து பதில் வர ராத்திரி ஆனது: "பாஸ்வேர்டா? வச்சதே ஓர்மை இல்ல மக்கா."

சரி, குறிப்பு ஏதாவது வைத்திருப்பார் என்று லாகின் திரையில் அவர் பெயரை அழுத்தி வேண்டுமென்றே தப்பாக ஒன்றை அடித்தேன். விண்டோஸ் 7-ல் தப்பாக அடித்தால் பாஸ்வேர்டு குறிப்பு தெரியும். 'பழைய வண்டி' என்று வந்தது. மைனி உடனே ஒரு டி.என். 75 நம்பரைச் சொன்னார். இல்லை. சின்ன எழுத்தில், பெரிய எழுத்தில், இடைவெளி விட்டு, விடாமல். எதுவும் இல்லை. பிறகுதான் மைனிக்கு ஞாபகம் வந்தது: கல்யாணத்துக்கு முன் அண்ணன் ஓட்டியது நாகர்கோவிலில் ஒருவரிடம் வாங்கிய செகண்ட் ஹேண்ட் வண்டி, டி.என். 74. நம்பர் ஆர்.சி. புத்தகத்தின் நகலில் கிடைத்தது. மூன்றாவது முறை திறந்துகொண்டது. செலவு, ஒரு ராத்திரி காத்திருந்தது மட்டும்.

இரண்டாவது வழி, ஒளிந்திருக்கும் 'அட்மினிஸ்ட்ரேட்டர்' கணக்கு. விஸ்டாவிலிருந்து எல்லா விண்டோஸிலும் அந்தப் பெயரில் ஒரு கணக்கு உண்டு, ஆனால் அணைத்தே வைத்திருப்பார்கள். அதைத் திறந்தால் எதற்குமே பெட்டி வராது; எல்லாம் முழு உரிமையோடு ஓடும். யூடியூபில் இதைப் பெரிய ரகசியம் மாதிரி சொல்கிறார்கள். மைனி மாதிரி ஆளுக்கு இதனால் பயன் இல்லை, ஏனென்றால் அதைத் திறக்கவே ஓர் அட்மின் வேண்டும். அட்மினாக இருப்பவருக்கு எப்போதாவது உதவும்: நடுவில் ரீஸ்டார்ட் கேட்டு, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரும் சில பழைய இன்ஸ்டாலர்கள் சாதாரண வழியில் அடம்பிடித்தால் இதில் போட்டுப் பார்க்கலாம். வேலை முடிந்த அன்றே மூடிவிட வேண்டும். அந்தக் கணக்குக்குத் தொடக்கத்தில் பாஸ்வேர்டே கிடையாது. திறந்து வைத்துவிட்டு மறந்தால் கீபோர்டு முன் உட்காரும் எவரும் முதலாளி. விண்டோஸ் 8, 10-ல் இந்தக் கணக்கில் சில ஆப்கள் திறக்கவே மறுக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, யு.ஏ.சி.யை அணைப்பது. இதைத்தான் அதிகம் பேர் சொல்கிறார்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் மோசமானது. விண்டோஸ் 7-ல் யு.ஏ.சி. செட்டிங்கில் உள்ள நகர்த்தும் பட்டையைக் கீழே இறக்கி ரீஸ்டார்ட் செய்தால் பெட்டி வராது, உண்மைதான். ஆனால் சாதாரண யூசருக்கு அதனால் ஓர் உரிமையும் கூடாது. பாஸ்வேர்டு கேட்கிற பெட்டியும் போய்விடும், இன்ஸ்டால் மட்டும் 'ஆக்சஸ் டினைட்' என்று முகத்தில் அடித்த மாதிரி நின்றுவிடும். கேட்டு வாங்க இருந்த ஒரே இடத்தையும் நாமே அடைத்ததாக ஆகும். அட்மின் கணக்கு என்றால் டிரைவர் ஏறும். கூடவே பிரவுசரும், வாட்ஸ்அப்பில் வந்த கோப்பும், வாடிக்கையாளர் கொடுத்த பென்டிரைவில் இருப்பதும் முழு உரிமையோடு ஓடும். ஒரு நாளைக்கு எத்தனை பென்டிரைவ் சொருகப்படுகிறது என்று ஜெராக்ஸ் கடைக்காரர்களைக் கேட்டால் தெரியும். விண்டோஸ் 8 முதல் அந்தப் பட்டையைக் கீழே இறக்கினாலும் யு.ஏ.சி. முழுதாக அணைவதில்லை, கேள்வி மட்டும்தான் நிற்கிறது. அதனால் அங்கே ஆபத்து கொஞ்சம் குறைவு, அர்த்தமும் குறைவு.

நான்காவது, மைனியின் கணக்கையே அட்மினாக மாற்றிவிடுவது. அண்ணன் பாஸ்வேர்டு கிடைத்ததும் மைனி கேட்டதும் இதைத்தான். இங்கேதான் எனக்கும் அவருக்கும் கொஞ்சம் வாக்குவாதம். கடையில் மத்தியானம் ஒரு பெண் உதவிக்கு வருவார், அதே கணக்கில்தான் வேலை பார்ப்பார். மைனி மட்டும் உட்காரும் கடையாக இருந்திருந்தால், யு.ஏ.சி. அணைக்கப்படாமல் இருக்கும் வரை, அட்மினாக்கித் தந்திருப்பேன். பலர் கை படும் சிஸ்டத்தில் அன்றாட வேலைக்குச் சாதாரண கணக்கு, இன்ஸ்டால் செய்யும்போது மட்டும் பாஸ்வேர்டு. இதில் உள்ள ஒரே குறை, அந்த பாஸ்வேர்டு தெரிந்த ஆள் ஊரில் இருக்க வேண்டும். மைனிக்கே தெரிந்திருந்தால் போதுமே? பாஸ்வேர்டை அவருக்குச் சொல்லிக் கொடுப்பதும் அவர் கணக்கை அட்மினாக்குவதும் ஒன்றல்ல என்று விளக்குவதற்குள் ஒரு சாயா ஆறிப்போனது.

அப்புறம், இந்த நான்கிலும் சேராத ஒரு வழி இருக்கிறது. கடைக்கும் பள்ளிக்கும் அதுதான் சிறந்தது, ஆனால் யாரும் சொல்வதில்லை. விண்டோஸுக்குள் டிரைவர் ஸ்டோர் என்று ஒரு கிடங்கு உண்டு. அட்மின் ஒரு தடவை டிரைவரை அந்தக் கிடங்கில் ஏற்றி வைத்துவிட்டால், பிறகு எந்தச் சாதாரண யூசர் அந்தக் கருவியைச் சொருகினாலும் பாஸ்வேர்டு கேட்காமல் தானே ஏறிக்கொள்ளும். இதற்கு இன்ஸ்டாலர் வேண்டாம், அதற்குள் இருக்கும், டிரைவரை எப்படிப் போடுவது என்று சொல்லும் ஐ.என்.எஃப். கோப்பும் அதோடு சேர்ந்தவையும் போதும். பல கம்பெனிகளின் டிரைவர் கோப்பை 7-ஜிப் கொண்டு விரித்தாலே உள்ளே அந்தக் கோப்பு தெரியும். அட்மினாகத் திறந்த கமாண்ட் பிராம்ப்ட்டில் (கட்டளை தட்டும் கறுப்புத் திரையில்) பி.என்.பி.யூட்டில் (pnputil) என்ற கட்டளைக்கு அந்தக் கோப்பைக் கொடுத்தால் கிடங்கில் ஏறிவிடும். விண்டோஸ் 7-க்கும் 10-க்கும் கட்டளை எழுதும் விதம் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். இங்க் அளவு காட்டுவது, ஸ்கேன் புரோகிராம் போன்ற துணைச் சாமான்கள் இதில் வராது. ஜெராக்ஸ் கடைக்கு அது நல்லதென்றே சொல்வேன்; அவைதான் சிஸ்டம் திறந்ததும் மூலையில் வந்து உட்கார்ந்து ராமைத் தின்பவை.

மைனி கடையில் இதைத்தான் செய்தேன். முதல் வழியில் பாஸ்வேர்டு, அதை வைத்துக் கிடங்கில் டிரைவர், மைனியின் கணக்கு பழையபடி சாதாரண யூசர்.

இரண்டு வாரம் கழித்து 'பிரிண்டர் ஓடவில்லை' என்று போன். போய்ப் பார்த்தால் அனுமதிப் பிரச்சினை இல்லை. குளச்சல், முட்டம் பக்கம் கடலோர வீடுகளில் யூ.எஸ்.பி. துளைக்குள் பச்சை படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த உப்புக்காற்று கருங்கல் வரைக்கும் வருமா என்று என்னால் சொல்ல முடியாது, இந்தத் துளை எப்படியோ தளர்ந்திருந்தது. உதவிக்கு வரும் பெண் வயரைப் பக்கத்துத் துளையில் மாற்றியிருக்கிறார். விண்டோஸ் அதைப் புதுப் பிரிண்டராக எண்ணி, பெயருக்குப் பின்னால் 'காப்பி 1' என்று ஒட்டி, கிடங்கிலிருந்து தானே டிரைவரைப் போட்டுக்கொண்டது. பேஜ்மேக்கர் மட்டும் இன்னும் பழைய பெயருக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. டிஃபால்ட் பிரிண்டரை மாற்றியதும் வரிசையில் நின்ற பக்கங்கள் வந்தன. கிடங்கில் டிரைவர் இல்லாமல் இருந்திருந்தால் துளை மாறியதுக்கே மஸ்கட்டுக்கு போன் போட வேண்டி வந்திருக்கும்.

அனுமதி போலத் தெரிவது

சில தடங்கல்கள் அனுமதிப் பிரச்சினை மாதிரி வேஷம் போட்டு வரும். கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம், 'கோட் 52' என்று வந்தால் விண்டோஸால் டிரைவரின் டிஜிட்டல் சிக்னேச்சரை, அதாவது அது யாருடையது, இடையில் யாரும் மாற்றவில்லை என்று காட்டும் கையெழுத்தை, சரிபார்க்க முடியவில்லை என்று அர்த்தம். நீங்கள் எவ்வளவு பெரிய அட்மினாக இருந்தாலும் மாறாது. 64-பிட் விண்டோஸில் சிஸ்டத்தின் மையமான கெர்னலில் ஓடும் டிரைவருக்குச் செல்லுபடியாகும் கையெழுத்து இருந்தே ஆக வேண்டும்.

பழைய விண்டோஸ் 7-ல் இதற்கு ஒரு வழக்கமான காரணம் உண்டு. புதிய டிரைவர்கள் எஸ்.எச்.ஏ-2 முறையில் கையெழுத்திடப்பட்டவை. பல வருடம் அப்டேட் பார்க்காத விண்டோஸ் 7-க்கு அந்த முறை வாசிக்கத் தெரியாது. சர்வீஸ் பேக் 1 இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, 2019-ல் வந்த கே.பி. 4490628, கே.பி. 4474419 இரண்டையும் மைக்ரோசாப்ட் அப்டேட் கேட்டலாகில் இறக்கிப் போட்டால் பல சிஸ்டங்களில் இது தீர்ந்துவிடும். இதற்குப் பதிலாக எஃப்8 அழுத்தி, கையெழுத்துச் சோதனையை நிறுத்தும் வரியைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். அது அந்த ஒரு தடவை பூட் ஆகும்போது மட்டும்தான். மறுநாள் காலை கடை திறந்ததும் கருவி மறுபடி செத்துக் கிடக்கும். தினமும் எஃப்8 அழுத்துகிற ஒரு டி.டி.பி. கடைக்காரரைத் தெரியும், அவர் அதைச் சாமி கும்பிடுவது மாதிரி வழக்கமாக்கிக்கொண்டார். இரண்டு அப்டேட் கோப்பைப் போட்ட பிறகு அந்த வழக்கம் நின்றது.

அலுவலகத்திலும் பள்ளியிலும் இன்னொரு வேஷம். ஒரு சிஸ்டத்தில் பிரிண்டரை ஷேர் செய்து மற்ற சிஸ்டங்களில் சேர்ப்பது பல வருடமாகத் தடையில்லாமல் நடந்தது. 2021-ல் விண்டோஸில் பிரிண்ட் வரிசையைக் கவனிக்கும் பிரிண்ட் ஸ்பூலரில் பெரிய பாதுகாப்பு ஓட்டை ஒன்று வெளியே வந்தது. பிரிண்ட் நைட்மேர் என்று பெயர் வைத்தார்கள். அந்த ஆகஸ்டில் வந்த அப்டேட்டுக்குப் பிறகு, ஷேர் பிரிண்டரின் டிரைவரைச் சேர்க்கவோ புதுப்பிக்கவோ அட்மின் வேண்டும். நேற்று வரை ஓடியதுக்கு இன்று பாஸ்வேர்டு கேட்டால் ஆட்களுக்கு வைரஸ் என்றுதான் தோன்றும். விண்டோஸின் செட்டிங்குகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஓர் எண்ணை மாற்றிப் பழைய நிலைக்குத் திரும்பலாம். அப்படிச் செய்தால் ஓட்டையும் திரும்பும். ஒவ்வொரு சிஸ்டத்திலும் அட்மின் ஒரு தடவை நேரில் உட்கார்ந்து டிரைவரைப் போடுவதுதான் நல்லது. பத்து சிஸ்டம் என்றால் ஒரு பகல் வேலை. உங்களுடையதல்லாத அலுவலகச் சிஸ்டம் என்றால் மேலே சொன்ன எதையும் நீங்களாகச் செய்யாதீர்கள், பொறுப்பில் இருப்பவரைக் கூப்பிடுங்கள்.

டிரைவர் பேக், பென்டிரைவ் வித்தை

'எல்லா டிரைவரும் ஒரே கிளிக்கில்' என்று வரும் புரோகிராம்களுக்கு நான் சுத்தமாக எதிரி. அவையும் முதலில் அட்மின் அனுமதிதான் கேட்கும். ஒரு பிரிண்டருக்காகக் கேட்கப்படும் 'யெஸ்', சிஸ்டத்தில் உள்ள ஒவ்வொரு சாமானுக்கும் சேர்த்துக் கொடுத்ததாக ஆகிவிடும். பக்கத்து டவுணில் ஒரு கடையில் என் மச்சான் லேப்டாப்பை வைஃபைக்காகக் கொடுத்தார். வைஃபை வந்தது. கூடவே பிரவுசரின் முகப்பு மாறி, டச்பேட் உருட்டல் போய், தெரியாத ஒரு ஆன்டிவைரஸ் வந்து பணம் கேட்டது. யு.ஏ.சி.யும் அடிமட்டத்தில் இருந்தது. டச்பேடைச் சரிசெய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது எனக்கு.

லேப்டாப் என்றால் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் நம்பரைப் பார்த்து, தயாரித்த கம்பெனியின் சப்போர்ட் பக்கத்தில் இறக்குவதுதான் முதல் தேர்வு. அங்கே இல்லாவிட்டால் டிவைஸ் மேனேஜரில் அந்தச் சாமானின் ஹார்டுவேர் ஐ.டி.யை எடுத்து மைக்ரோசாப்ட் கேட்டலாகில் தேடலாம். அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்கள் இன்னும் பல வீடுகளில் ஓடுகின்றன. அவற்றுக்கும் இந்த முறை ஒத்துவரும்.

பாஸ்வேர்டு கிடைக்கவே கிடைக்காது என்றால்? பென்டிரைவில் பூட் செய்து பாஸ்வேர்டை அழித்துத் தருகிற ஆட்கள் உண்டு. சொந்த சிஸ்டம் என்று நிரூபணம் இருந்தால் கடைசி வழியாக அதை ஏற்கலாம். ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: வெளியிலிருந்து பாஸ்வேர்டை அழித்தால் அந்தக் கணக்கில் விண்டோஸின் என்கிரிப்ஷன் போட்டு வைத்த கோப்புகளும் சேமித்த பாஸ்வேர்டுகளும் போய்விடும். விண்டோஸ் 10-ல் மைக்ரோசாப்ட் கணக்கில் லாகின் செய்திருந்தால் இந்த வித்தையே வேண்டாம், போன் நம்பர் மூலம் ஆன்லைனில் மாற்றிக்கொள்ளலாம்.

ஃபார்மேட்டா, லினக்ஸா, புதுப் பிரிண்டரா

ஃபார்மேட் அடித்தால் அனுமதிப் பிரச்சினை வேரோடு போகும், அதில் சந்தேகம் இல்லை. மைனி சிஸ்டத்தில் அதோடு சேர்ந்து போகக்கூடியவை: சி.டி. தொலைந்த பேஜ்மேக்கர், எங்கிருந்து வந்தன என்றே தெரியாத இருநூறுக்கு மேற்பட்ட ஃபாண்டுகள், எட்டு வருடக் கல்யாணக் கார்டுகள். பழைய கார்டைத் திறந்து பெயரை மட்டும் மாற்றுவதுதான் அந்தக் கடையின் வேகமே. அதனால் ஃபார்மேட் என்ற சொல்லையே கடைக்குள் எடுக்கவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாப்ட் பாதுகாப்பு அப்டேட் கொடுப்பதை 2020 ஜனவரி 14 அன்று நிறுத்திவிட்டது. விண்டோஸ் 10-க்கும் பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இந்த வயதுச் சிஸ்டங்களில் இருக்காது. ஆக, பழைய சிஸ்டத்தை டிசைனுக்கும் பிரிண்டுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். நெட் பேங்கிங், ஆதார் கைரேகைக் கருவி, டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் எல்லாம் அதில் வேண்டாம் என்று மைனியிடம் கண்டிப்பாகச் சொன்னேன். நெட் வயரையும் கழற்றிவிட்டேன். டிரைவரை வேறு சிஸ்டத்தில் இறக்கி பென்டிரைவில் கொண்டு வந்தால் போதும்.

லினக்ஸை எனக்குப் பிடிக்கும். பழைய சிஸ்டத்தில் விண்டோஸுக்குப் பதில் மின்ட் என்ற லினக்ஸைப் போட்டால் நன்றாக ஓடும். பெரும்பாலான டிரைவர்கள் கெர்னலோடே வந்துவிடும், தேடிப் போட வேண்டியது குறைவு. ஆனால் அனுமதி கேட்பதிலிருந்து அங்கேயும் விடுதலை இல்லை. பெட்டியின் நிறம்தான் வேறு. பிரிண்டர் விஷயத்தில் மாடலைப் பார்த்துத்தான் இறங்க வேண்டும். எச்.பி. லேசர்ஜெட் 1020 மாதிரி மாடல்களுக்கு ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும் சிஸ்டம்தான் ஃபர்ம்வேரை (பிரிண்டருக்குள் ஓடும் புரோகிராமை) அனுப்ப வேண்டும், அதற்கு எச்.பி.யின் தனி பிளக்இன் வேண்டும். கேனான் எல்.பி.பி. 2900-ஐ லினக்ஸில் ஓட வைக்க நல்ல பொறுமை வேண்டும். டாட் மேட்ரிக்ஸ் என்றால் எப்சன் மொழி பேசும் பொதுவான டிரைவரே பெரும்பாலும் போதும். வீட்டில் படிக்கிற பிள்ளைக்கு லினக்ஸ், சரி. பேஜ்மேக்கரை நம்பிப் பிழைக்கும் கடைக்கு, இல்லை.

டிரைவரே வேண்டாத பிரிண்டர் என்பது இந்த ஒப்பீட்டில் காசு கேட்கும் வழி. ஏர்பிரின்ட், மோப்ரியா ஆதரவு உள்ள வைஃபை பிரிண்டருக்குப் போனிலிருந்தே நேராக அனுப்பலாம். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பி.டி.எஃப்.பை வாட்ஸ்அப்பில்தான் அனுப்புகிறார்கள்; அதை போனிலிருந்தே பிரிண்ட் கொடுத்தால் பழைய சிஸ்டத்தைத் தொடவே வேண்டாம். ஆனால் விண்டோஸ் 7-லிருந்து அதே பிரிண்டருக்கு அனுப்ப மறுபடி டிரைவர், மறுபடி அதே பெட்டி. மைனிக்கு அடுத்த வருடம் இதைத்தான் சொல்லியிருக்கிறேன்: பழைய லேசர் டிசைன் வேலைக்கு, வைஃபை ஒன்று வாட்ஸ்அப் வேலைக்கு. இப்போதைக்குப் பழையதே ஓடட்டும் என்கிறார்.

கிளம்பும் முன் அண்ணன் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னேன். வண்டி நம்பரை ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். மைனியே உட்கார்ந்து புதிதாக ஒன்று வைத்தார், அதை ஒரு சீட்டில் எழுதி ரேஷன் கார்டோடு பீரோவில் பூட்டினார். குறிப்புக் கட்டத்தை எதற்கு என்று கேட்டார். லாகின் திரையில் எல்லோர் கண்ணிலும் படும், அதனால் பாஸ்வேர்டைக் காட்டிக்கொடுக்காத எதையாவது எழுதுங்கள் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு ஒற்றை விரலால் தட்டினார்: 'யாருக்க கடை'.